சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதா பந்து?

கோலா சிலாங்கூர்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. காலையில் புக்கிட் மலாவத்தி அடிவாரம் வரை நடந்துவிட்டு வருகிறாள்.

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். எட்மண்டனில் உன் ஐஸ் ஹாக்கி அணி தோற்ற கோபம். யாரை விட்டிருக்கக் கூடாது, யாரை வாங்கியிருக்க வேண்டும், எந்த இடத்தில் நடுவர் விசில் ஊதாமல் விட்டார் என்று மூச்சு விடாமல் பேசியிருக்கிறாய். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஹாக்கி என்றால் எனக்குப் புல்தரை ஹாக்கிதான். 1975 உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்து, அரையிறுதியில் இந்தியாவிடம் 3-2 என்று நாம் தோற்றபோது, எங்கள் லயத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர் ஒருவரும் இல்லை. அன்றைக்கு வானொலியை அணைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பனிக்கட்டியில் ஆடும் ஹாக்கியை 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியின்போது தொலைக்காட்சியில் கொஞ்சம் பார்த்ததோடு சரி. ஆனால் உன் குரல் நன்றாக விளங்கியது. அச்சு அசல் உன் தாத்தாவின் குரல்.

கடைசியில், "அந்த ரெஃப்ரி காசு வாங்கிட்டான் மாமா" என்றாய். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் வீட்டில் 1994க்குப் பிறகு யாரும் அதை லேசில் சொல்வதில்லை. ஏன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் வளர்ந்த தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம். இப்போது அந்த ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர். கொஞ்ச தூரத்தில் தென்னமரம் தோட்டம், பெயரே தமிழ். 1917இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிகத்துக்காகச் செம்பனையை இந்த நாட்டில் முதன்முதலாக நட்டது அங்கேதான். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் இன்னும் பால்மரம்தான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அப்புறம் வெட்டு, மதியம் பால் நிறுவை. நாலு மணி ஆனால் எல்லாரும் காற்பந்துத் திடலில்.

திடல் என்று சொன்னால் உன் கண்ணில் என்ன வருமோ! மாடு மேய்கிற புல். பால்மரக் கட்டையில் கோல் கம்பம். தைத்த தோல் பந்து. மழையில் நனைந்தால் தலையால் முட்டவே பயமாக இருக்கும். தோட்டங்களுக்கு இடையே போட்டி என்றால் முந்தின நாள் உன் தாத்தாவும் இன்னும் ரெண்டு பேரும் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, தேங்காய் மட்டையைத் தோய்த்துக் கோடு போடுவார்கள். நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் அணியில் இடது காலால் ஆடுகிறவர் ஒருவர் இருந்தார். ஓரமாகப் பந்தை இழுத்துக்கொண்டு ஓடினால் பிடிக்க முடியாது. ஒருநாள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே புகைவீட்டில் வேலை. வெயில் மழை இல்லை, அட்டைக் கடி இல்லை, மாதச் சம்பளம். வேலை என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள், கூப்பிட்டது காலுக்காக. அவர் போனார். உன் தாத்தா இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள், வேறென்ன செய்வார் என்று பாட்டி கேட்டதற்கும் பதில் இல்லை. நான் பார்த்த முதல் ஆள் மாற்றம் அது. 1988இல் வேய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்ததை எட்மண்டன்காரர்கள் இன்னும் மறக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னாயே, அப்போது எனக்கு அந்த இடதுகால்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

மாநில அளவிலும் அந்தக் காலத்தில் அப்படித்தான். விளையாட்டைச் சம்பளத்துக்கு ஆடவில்லை. வங்கி, காவல்துறை, மின்சார வாரியம் என்று எங்கே வேலையோ அந்த மாநிலத்துக்கு ஆடுவார்கள். நல்ல ஆட்டக்காரர் வேண்டுமென்றால் முதலில் அவருக்கு ஒரு வேலை பார்க்க வேண்டும்.

இப்போது 1973க்கு வருகிறேன். எனக்குப் பதினொரு வயது. அந்தப் பக்கத்துத் தோட்டத்தோடு இறுதியாட்டம், அந்த இடதுகால்காரர் எதிரணியில். ஒன்றுக்கு ஒன்று. கடைசிப் பத்து நிமிடத்தில் மழை கொட்டியது. அவர் அடித்த பந்து எங்கள் கோல்கீப்பரின் கையில் பட்டு உருண்டு, கோல் வாசலில் தேங்கிய தண்ணீரில் நின்றுவிட்டது. நின்றது கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? கோடே இல்லை, சுண்ணாம்பு மழையில் கரைந்து பால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நடுவர் எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஓடி வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். விசில் ஊதினார். கோல்.

அன்று இரவு கள்ளுக்கடையில் தொடங்கிய சண்டை தீபாவளி வரை ஓடியது. வாத்தியாருக்குக் கண் தெரியவில்லை என்றார்கள். விதி தெரியவில்லை என்றார்கள். உன் தாத்தா அவர் வீட்டு வாசலுக்கே போய்க் குச்சியால் மண்ணில் கோல் கம்பம் வரைந்து காட்டி வாதாடினார். ஆனால் அவர் காசு வாங்கினார் என்று ஒரு வாய் சொல்லவில்லை. அப்படி ஒரு எண்ணமே யாருக்கும் வரவில்லை. திங்கட்கிழமை அதே வாத்தியார் எங்களுக்குக் கணக்கு நடத்தினார். பொங்கலுக்கு நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனது.

அந்தச் சண்டைதான் பிறகு நம் மாநிலமான சிலாங்கூரின் அணிக்காகப் பெரிதாக வளர்ந்தது. மலேசியக் கிண்ணத்தின் கதை உனக்குத் தெரியுமா? 1921இல் 'மலாயா' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் இங்கே வந்துபோனது. அதன் மாலுமிகள் கொடுத்த கோப்பை அது. முதல் இறுதியாட்டத்திலேயே சிலாங்கூர் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றது. அப்புறம் 33 தடவை வென்றது, கடைசியாக 2015இல். அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டையில் நம் ஆட்களும் இருந்தார்கள். 1972 மூனிக் ஒலிம்பிக்குக்குப் போன மு. சந்திரன், ஓரத்தில் பறந்த கே. ராஜகோபால், கோல் வாசலில் ஆர். ஆறுமுகம். கைகள் அவ்வளவு நீளம், 'ஸ்பைடர்மேன்' என்றுதான் நாடே கூப்பிட்டது.

பெரட்டில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. நிறுவையில் பால் குறைகிறது என்று கேட்கப் பயம். ஆனால் சிலாங்கூர் அணியில் யாரை எடுத்தார்கள், யாரை உட்கார வைத்தார்கள் என்று வந்துவிட்டால் கணக்கு எழுதும் கிராணியும் பால் வெட்டுகிறவரும் ஒரே பெஞ்சில். அங்கே உன் தாத்தாவின் பேச்சு எடுபட்டது. 'தமிழ் நேசன்' நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை யாராவது உரக்கப் படிப்பார்கள்; அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தேர்வுக்குழு செய்த தப்பை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நான்கு வகுப்புப் படித்தவர். மாநில அணியைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது, அதை நாலு பேர் நின்று கேட்டார்கள். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு வயதான பிறகுதான் புரிந்தது.

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். பிறகு புறக்கணிப்பால் போகவே இல்லை. 'ஓலா போலா' படத்தில் நீ பார்த்தது அந்தக் கதைதான். அடுத்த மாதமே மலேசியக் கிண்ண இறுதியில் சிலாங்கூர் சிங்கப்பூரிடம் தோற்றது. வெற்றி கோலை அடித்த ஃபாண்டி அகமட்டுக்கு அப்போது 17 வயது, என் வயது. லாரியில் திரும்பி வரும்போது வழியெல்லாம் வாக்குவாதம். அடுத்த ஆண்டு அதே சிங்கப்பூரை 4-0 என்று அடித்தோம்; அன்றைக்கும் வாக்குவாதம், ஐந்தாவது கோல் ஏன் விழவில்லை என்று. 1988 டிசம்பரில் ஆறுமுகம் கார் விபத்தில் இறந்தபோது மட்டும் பெஞ்சில் யாரும் பேசவில்லை.

1989இல் அரைத்தொழில்முறை லீக் வந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள், சம்பளம் வந்தது, பின்னாலேயே சூதாட்டத் தரகர்களும் வந்தார்கள். 1994இல் எல்லாம் வெடித்தது. ஆட்டங்களை விற்றிருந்தார்கள். 126 பேரை விசாரித்தார்கள், 58 பேரை இடைநீக்கம் செய்தார்கள், ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களுமாக 21 பேரை நீக்கினார்கள். சிலரை ஊரைவிட்டே ஒதுக்கி வேறு இடத்தில் வைத்தார்கள். அந்த ஆண்டு கிண்ணத்தை வென்ற சிங்கப்பூரும் அதோடு நம் போட்டியைவிட்டு விலகிக்கொண்டது.

உன் தாத்தா பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணில் நிற்கிறது. கோபப்படவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "அப்போ அந்தக் கெடா ஆட்டம்? அந்தப் பினால்டி?" என்று என்னைக் கேட்டார். தான் ராத்திரி ராத்திரியாக வாதாடிய ஆட்டங்களில் எது மெய், எது பொய் என்று தேடினார். சந்தேகம் என்று ஒன்று நுழைந்த பிறகு எதைப் பிடித்து வாதாடுவது? ஆட்டக்காரன் தடுமாறினால், தவறினானா, தவறவிட்டானா? நடுவர் ஊதாவிட்டால், பார்க்கவில்லையா, பார்க்க மாட்டேன் என்றாரா? சிலாங்கூர் 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு கிண்ணத்தை வென்றது. உன் தாத்தா ஒரு ஆட்டத்துக்கும் போகவில்லை. எங்கள் பெஞ்சும் அத்தோடு சரி. அப்புறம் தோட்டத்தை விற்றார்கள், ஆளுக்கொரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். திடலில் செம்பனை நிற்கிறது.

நான் மட்டும் விடவில்லை. 2010இல் ராஜகோபால் பயிற்சியாளராக இருந்து தென்கிழக்காசியக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தபோது தாத்தா படத்தின் முன்னால் நின்று சொன்னேன். எஸ். குணாளன் சிலாங்கூரிலிருந்து ஜொகூருக்குப் போனபோது அந்த இடதுகால்காரருக்காகத் தாத்தா பட்டதை நானும் பட்டேன். நம் மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை ஏறியது. 2021இல் வெளிநாட்டவர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தே ஆடியது. 2022 முடிவில் கலைத்துவிட்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே, மருமகனே, அந்த நடுவர் தப்பு செய்தார் என்று சொல், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல். கண் தெரியவில்லை என்று சொல். உங்கள் ஊரில் ஒவ்வொரு கோலையும் டொரொண்டோவில் ஓர் அறையில் உட்கார்ந்து திரும்பப் பார்க்கிறார்களாமே, அவர்களோடும் சண்டை போடு. காசு வாங்கிவிட்டார் என்ற பேச்சை மட்டும் கையில் சான்று இருந்தால் எடு. அது மெய்யாகிப்போன ஒரு வீட்டில் நான் இருந்திருக்கிறேன்.

ஒரு செய்தி சொல்ல மறந்துவிட்டேன். போன மாதம் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு கல்யாணத்தில் வாத்தியாரைப் பார்த்தேன். எண்பது தாண்டிவிட்டது, கைத்தடி இருக்கிறது, பேச்சு தெளிவு. அவர் பக்கத்தில் யார் தெரியுமா? அந்த இடதுகால்காரர். சாப்பாட்டு மேசையில் இரண்டு டம்ளரைக் கம்பமாக நிறுத்தி, நடுவில் ஒரு லட்டை வைத்து, "இந்த இடம் சார், இங்கதான் நின்னுச்சு" என்று காட்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு லட்டை உற்றுப் பார்த்தார். வாயைத் திறக்கும் நேரத்தில் மொய் எழுத யாரோ என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீ டிசம்பரில் வந்ததும் அவர் வீட்டுக்குப் போவோம். நீதான் கேட்க வேண்டும். தோற்ற அணிக்காரன் நான், எனக்குச் சொல்ல மாட்டார்.

அன்புடன்,
மாமா