பெயிண்ட் அப்புறம், பிரேக் முதல்ல!

பழைய புல்லட் வாங்கியதும் பெயிண்ட் கடைக்கு ஓடுவார்கள். நான் பிரேக் ஷூ மாற்ற ஓடினேன். காரணம், மேகமலை! சின்னமனூரிலிருந்து ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர்.

அந்தக் கால புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழகாதவர் பதற்றத்தில் வலதுகாலை அழுத்தினால் கியர்தான் மாறும்!

"ஏத்தத்துக்கு இன்ஜின் போதும் தம்பி... இறக்கத்துக்குப் புத்தி வேணும்" என்றார் மெக்கானிக். டிரம் பிரேக்கையே பிடித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். கியரைக் குறைத்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிவிட்டு அப்படித்தான் இறங்கினேன். சின்னமனூர் டீக்கடையில் ஒருவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், பெயிண்ட் அடிக்கலையா?"

"பிரேக் பிடிக்குதுண்ணே... அது போதும்!"