மேளம் கட்டுகிறவர்

போன சித்திரையில் என் மகளின் வீணையை நானே கெடுத்துவிட்டேன். காரின் பின்சீட்டில் அதை வைத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குள் போனவன், மூன்று மணி நேரம் கழித்துத்தான் திரும்பினேன். உறையைக் கழற்றினால், நீண்ட தண்டியின் மேலிருந்த கறுப்பு மெழுகு இளகி, அதில் பதித்த உலோக மெட்டுகள் பாதி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் ஊரில் இசைக்கருவி விற்கிற கடைகள் உண்டு. மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுரம் பார்த்து மெழுகில் பதிக்க, தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு கடைக்காரர் புதிதாகவே வாங்கிவிடச் சொன்னார். மகள் பேசவே இல்லை. மறுவாரம் மேளம் கட்டுகிற ஒருவரைத் தேடி வீணையோடு தஞ்சாவூருக்கு ரயில் ஏறினேன்.

அவர் இருந்த வீணைப் பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டு வீட்டின் முன்கூடம், பின்னால் ஒரு சின்ன முற்றம். வாசலிலேயே பலாமர வாசனை வந்துவிட்டது. முற்றத்தில் ஓர் இளைஞர் பலாக்கட்டை ஒன்றை வாச்சியால் செதுக்கிக்கொண்டிருந்தார். மரம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. புதிதாக அறுத்த பலா நல்ல மஞ்சள். நாள் ஆக ஆகச் சிவந்து, பழுப்பேறும். வயதான மரமாக இருக்க வேண்டும், வைரம் பாய்ந்திருக்க வேண்டும். காய்ந்தபின் கனம் குறைந்து நாதம் கொடுக்கும், பூச்சி எளிதில் அண்டாது. அதனால்தான் வீணைக்குப் பலா.

குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே கட்டையில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்கு மரமும் அதிகம், சேதாரமும் அதிகம். குடத்தைக் குடைகிற இளைஞர் உளியைக் கீழே வைத்துவிட்டு, வெளிப்புறத்தை விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். பிறகு உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து, ஓர் இடத்தில் மட்டும் இரண்டு சீவல் எடுப்பார். சுவர் தடித்துவிட்டால் ஓசை அடைக்கும். மெலிந்துவிட்டால் அந்தக் கட்டையே வீண். எத்தனை கனம் வேண்டும் என்று கேட்டேன். “தட்டினா தெரியும் சார்” என்றார். என்னையும் தட்டச் சொன்னார். எனக்கு எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் கேட்டது.

இழைப்பது, உப்புத்தாள் போடுவது, அரக்குக் கரைசலைத் துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்த்துப் பாலிஷ் ஏற்றுவது எல்லாம் கூடத்தில் நடக்கின்றன. ஒரு காலத்தில் தந்தத்தில் செய்த ஓரச் சித்திர வேலையை இப்போது வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டில் கீறி, வண்ணம் நிரப்பிச் செய்கிறார்கள். அதுவும் அழகுதான். யானையும் பிழைத்தது.

நான் தேடி வந்தவர் கூடத்தின் மூலையில் அடுப்போடு உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். என் வீணையை மடியில் வாங்கிச் சாய்ந்த மெட்டுகளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “வெயில்ல வெச்சிட்டீங்களா தம்பி? மரத்துக்கு ஒண்ணும் ஆகல. மெழுகுதானே, திரும்பக் கட்டிக்கலாம்” என்றார்.

கிட்டாரிலும் மாண்டலினிலும் அளந்து அறுத்த பள்ளத்தில் மெட்டுக்கம்பியை அடித்து இறக்கிவிடுவார்கள். அதற்குப்பின் அது நகராது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் நிற்கின்றன. தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. இசை கற்ற எனக்கே இது நீண்டகாலம் ஒரு குறையாகத் தெரிந்தது. அன்றைக்கு அந்தப் பெரியவரின் பக்கத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தபின் என் எண்ணம் மாறியது.

பழைய மெழுகைச் சுரண்டி எடுத்தார், எறியவில்லை. புதிய மெழுகோடு சேர்த்து உருக்கிப் பிசைந்தார். தண்டியின் இருபக்கச் சட்டத்தின் மேலும் இரண்டு வரப்புப்போலப் பதித்தார். 24 மெட்டுகளையும் கண் மதிப்பில் குறுக்கே வைத்தார். தந்திகளைக் கட்டிச் சுருதி கூட்டினார். பிறகுதான் உண்மையான வேலை.

முதலில் மேல் ஷட்ஜம். முதல் தந்தியான சாரணியை வெறுமனே மீட்டினார். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டினார். கட்டைவிரல் நகத்தால் மெட்டை மயிரிழை அளவு தள்ளினார். மறுபடி மீட்டினார். அது நின்றபின் பஞ்சமம், அதன்பின் மத்தியமம். பெரிய சுரங்கள் உட்கார்ந்த பிறகே மற்றவற்றுக்குப் போனார். சாரணியில் சரியாக இருந்த ஒரு மெட்டை மந்தரத் தந்தியில் மீட்டிப் பார்த்து முகம் சுளித்தார். தந்தியின் கனம் மாறும்போது அழுத்துகிற அழுத்தத்தில் சுரம் ஏறுகிற அளவும் மாறுகிறது. மெட்டை ஒரு பக்கம் இம்மி சாய்த்தார். “ஒரு மெட்டு நாலு தந்திக்கும் பதில் சொல்லணும் தம்பி” என்றார்.

உயரமும் பார்க்க வேண்டும். ஒரு மெட்டு அடுத்ததைவிடத் தாழ்ந்தால் தந்தி மேலே உரசி இரையும். காய்ச்சிய இரும்பால் மெழுகைத் தொட்டு இளக்கி, மெட்டை ஏற்றி, ஆறவிட்டு, மீண்டும் கேட்டார். கடைசியில் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேலிருக்கும் உலோகத் தகட்டை அரத்தால் இரண்டு முறை தேய்த்தார். அந்த மெல்லிய வளைவில்தான் நாதத்தின் நீளம் இருக்கிறது. ஜீவாளி என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.

மேளம் என்ற சொல்லுக்கும் இந்த ஊருக்கும் உறவு பழையது. இரகுநாத நாயக்கர் ஆண்ட 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில்தான் வீணை இன்றைய 24 நிலை மெட்டு வடிவத்தைப் பெற்றது என்பார்கள். அதற்கு முன் இராகத்துக்கு ஏற்ப மெட்டை நகர்த்தி வைத்து வாசிக்கும் வீணைகளும் இருந்தன. தாய் இராகங்களான 72 மேளங்களை வகுத்த வேங்கடமகி வாழ்ந்ததும் அதே நூற்றாண்டில், அதே ஊரில். அவர் ஏட்டில் கட்டியதை இவர் மெழுகில் கட்டுகிறார் என்று எனக்குப் பட்டது.

2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டிலேயே அதைப் பெற்ற முதல் இசைக்கருவி. பெருமைதான். ஆனால் அந்தக் கூடத்தில் மேளம் கட்டத் தெரிந்தவர் பெரியவர் ஒருவரே. “மர வேலைக்குப் பையன் கிடைப்பான். மேளத்துக்குக் காது வேணும். காதுக்குப் பத்து வருஷம் வேணும். அதுவரைக்கும் அவன் சாப்பாட்டுக்கு யாரு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீணைக்கு நாம் கொடுக்கிற விலையில் மரமும் சித்திரமும் பாலிஷும்தான் கணக்கில் வருகின்றன. அந்தக் காதுக்கு யாரும் விலை போடுவதில்லை. அவர் கேட்ட கூலி, எங்கள் வீட்டு ஏ.சி.யைப் பழுதுபார்த்தவருக்கு நான் கொடுத்ததைவிடக் குறைவு.

ஊர் திரும்பிய இரவே மகள் உறையைப் பிரித்து, சாரணியில் கீழிருந்து மேலே ஒவ்வொரு மெட்டாக மீட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள்.

உங்கள் வீட்டில் வீணை இருந்தால் ஒருமுறை எடுத்து மீட்டிப் பாருங்கள். மெட்டு விலகியிருந்தால் கருவி கெட்டுவிட்டது என்று மூலையில் சாத்திவிடாதீர்கள். மேளம் கட்டுகிறவரிடம் நேரில் கொண்டுபோங்கள். அவர் காதைத் தீட்டிக் கேட்டு முடிக்கிறவரை பக்கத்தில் உட்காருங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல், முடிந்தால் கொஞ்சம் கூட்டியே கொடுங்கள்.