பத்து நிமிட முகவரி

போடிநாயக்கனூரில் ஏலம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மலையில் விளைவதும் ஏலம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் கணினித் திரையில் விலை கூறப்படுவதும் ஏலம். அங்கே ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண் உண்டு. எண் தவறினால் சரக்கு யாருடையது என்று சொல்லவியலாது. அவ்வாறே, உரிய முகவரி இன்றிப் போன ஒரு பொருளை நம் இல்லம் இழந்தது.

நம் தாயார், விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளத் தோட்டங்களில் காய் பறித்து, இருட்டியபின் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். ஏலக்காய் செடியின் அடித்தூரில் காய்ப்பது. நாள் முழுதும் குனிந்தே பறிக்கவேண்டும். அவ்வேளையில் பாடிய பாட்டுகள் அவரிடம் பல இருந்தன. பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் நம் தம்பி மகன், அவற்றை நேரே கணினியில் பதிவு செய்து இசை சேர்த்தான். அதற்கான மென்பொருள் இலவசம்தான். ஆனால் மின்னஞ்சல் முகவரி கேட்டது.

"உண்மையான முகவரியைக் கொடுத்தால் விளம்பரம் வந்து குவியும், பெரியப்பா" என்றான். அதனால் பத்து நிமிடத்தில் மறைந்துபோகும் முகவரி ஒன்றைக் கொடுத்திருந்தான். இத்தகைய சேவைகள் புதியவை அல்ல. மெயிலினேட்டர் 2003-இலேயே தொடங்கிற்று. அதன் பொது அஞ்சற்பெட்டிக்குப் பூட்டே கிடையாது. பெயரைத் தட்டுகிற எவரும் கடிதத்தைப் படிக்கலாம்.

ஈராண்டுகள் கழித்துக் கணினி பழுதுற்றது. பாட்டுகள் யாவும் அந்நிறுவனத்தின் சேமிப்பில் இருந்தன. புதுக் கணினியில் திறக்க முயன்றபோது, பழைய முகவரிக்குக் குறியீட்டு எண் அனுப்பியிருப்பதாக அறிவிப்பு வந்தது. அந்த முகவரியோ என்றோ மறைந்துவிட்டது. அதற்கு முந்திய தவக்காலத்தில் தாயாரும் இறைவனடி சேர்ந்திருந்தார்.

முதலில் அவனைக் கடிந்துகொண்டோம். பிறகு சிந்தித்தோம். பாட்டுக்கு இசை சேர்க்க முகவரி எதற்கு? 2000-இல் வெளியான அடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு மென்பொருள் எந்தப் பதிவும் கேளாமலே இயங்குகிறது. தேவைக்கு மிஞ்சிய விவரத்தைக் கேட்கலாகாது என்பதே நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும். ஆகவே பிழை முழுவதும் பிள்ளையுடையதன்று. ஒரு முறை பார்த்துவிட்டு விடும் மென்பொருளுக்கு அத்தகைய முகவரி போதும். படைத்ததைச் சேர்த்துவைக்கும் கணக்குக்கு அது ஆகாது. பதிவுகளுக்கென்றே நிலையான இரண்டாம் முகவரி ஒன்றை வைத்திருந்தால் விளம்பரமும் அங்கேயே தங்கியிருக்கும். பொய் முகவரி தருவது பொய்ச்சாட்சி ஆகுமா என்று அவன் தாய் கேட்டார். அதைப் பங்குத் தந்தையிடமே விட்டுவிட்டோம்.

இப்போது ஞாயிறு மாலைகளில் தாயாரின் தங்கையை அமர்த்திப் பாடச்செய்து பதிவு செய்கிறான். பிரதி ஒன்றைத் தனியே எடுத்தும் வைக்கிறான். சின்னம்மாவின் பாட்டில் மூன்றாம் அடி வேறாக ஒலிப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அவரோ, தம் அக்காள் பாடியதும் இப்படித்தான் என்கிறார்.