விடியற்காலை ஃபெரி

பினாங்குப் பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது. அதற்குமுன் தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்குச் செல்ல ஃபெரியை விட்டால் வேறு வழியில்லை. ஜார்ஜ்டவுனில் வளர்ந்த அந்தச் சிறுவனுக்கு அதன் ஊதல் ஒலிதான் கடிகாரம்.

அக்கரையில் இரவு வேலை செய்த அப்பா, விடியற்காலை ஃபெரியில் திரும்புவார். அவன் படகுத்துறையில் காத்திருப்பான். கூட்டத்தில் முதலில் கண்ணில் படுவது அவருடைய தூக்குச்சட்டிதான். அதில் அவனுக்காக இரண்டு வடைகள் மீதமிருக்கும். ஆறிப்போன வடைதான், ஆனாலும் அதற்கு ஈடேது!

பாலம் வந்தபின் அப்பா தொழிற்சாலைப் பேருந்தில் வீட்டு வாசலிலேயே வந்து இறங்கினார். எல்லாருக்கும் வசதிதான். அவனுக்கு மட்டும் காத்திருக்க இடமில்லாமல் போயிற்று.

இன்று ஐம்பது வயதை எட்டிவிட்ட அவர், பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் வடக்கே கடலில் ஃபெரி தெரிகிறதா என்று பார்க்கிறார்.