காப்பித் தண்ணீரும் பீர்த் தண்ணீரும்

ஸ்ரீரங்கத்தில் வருடத்தில் பதினோரு மாதம் நம்பெருமாளுக்குக் கொள்ளிடத்துத் தண்ணீர். ஐப்பசி மாதம் மட்டும் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில், யானைமேல் வரும். எந்தக் காரியத்துக்கு எந்தத் தண்ணீர் என்று பார்க்கிற ஊர் இது.

எங்கள் வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. காப்பிக்கும் சமையலுக்கும் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர். பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க போர் தண்ணீர். குழாய் வராத நாட்களில் என் மனைவி போர் தண்ணீரை முதல் நாள் இரவே தவலையில் நன்றாகக் கொதிக்கவைத்து மூடிவிடுவாள். காலையில் அடி கலங்காமல் மேலாக மொண்டு, அதில்தான் டிகாக்‌ஷன். அடியில் வெள்ளையாக மாவு மாதிரிப் படிந்திருக்கும். "இதுதான் காப்பியைக் கெடுக்கிறது" என்பாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

எங்கள் ஒரே மகன் இங்கிலாந்தில் ரெடிங் ஊரில் இருக்கிறான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஒரு பெரிய வாளியைக் காட்டி, "அப்பா, வீட்டிலேயே பீர் போடறேன்" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

காரணம் சொல்ல வேண்டும். என் அப்பாவைப் புதுச்சேரிச் சாராயம் ஐம்பது வயதுக்குள் கொண்டுபோய்விட்டது. 1970-ல் எனக்குத் திருச்சியில் மத்திய அரசு குமாஸ்தா வேலை கிடைத்தபோது, இங்கே மதுவிலக்கு இருக்கிறதே என்று அம்மா சந்தோஷப்பட்டாள். மறு வருடமே அதைத் தளர்த்திவிட்டார்கள்! ஆனாலும் நான் இன்றுவரை தொட்டதில்லை.

மூன்று வாரம் நான் பேசவில்லை. பிறகு அவனே கூப்பிட்டான். மன்னிப்பும் கேட்கவில்லை, வாதமும் செய்யவில்லை. "அப்பா, கறுப்பு பீர் நல்லா வருது. லைட் ஏல் மட்டும் தொண்டையைப் பிடிக்குது, துவர்க்குது. தண்ணிதான் காரணம்கறாங்க" என்று சொல்லி, குடிநீர் நிறுவனத்தின் அறிக்கையை அனுப்பினான்.

அதில் கடினத்தன்மையைப் பல அளவுகளில் கொடுத்திருந்தார்கள். ஒன்று பிரெஞ்சு டிகிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் வாத்தியார் கிணற்றுத் தண்ணீரில் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கி, நுரை நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வார். ஒரு பிரெஞ்சு டிகிரி என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் சுண்ணாம்புக் கணக்கு. மகன் வீட்டுத் தண்ணீர் 28. அதாவது 280 மில்லிகிராம். நம் இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு நல்லது என்று சொல்வதே 200 வரைதான்.

"நம்ம போர் தண்ணி மாதிரிதான்டா இது" என்றேன்.

கடினத்தன்மையில் இரண்டு வகை. பைகார்பனேட்டால் வருவது கொதித்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். ஜிப்சத்தால் வருவது கொதித்தாலும் போகாது. பைகார்பனேட் அதிகமுள்ள தண்ணீரில் காரத்தன்மை இருக்கும். கருக வறுத்த மால்ட்டின் புளிப்பு அதைச் சமன் செய்துவிடும். வெளிர் மால்ட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது, உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். அதனால்தான் லண்டன் தண்ணீரில் கறுப்பு பீர் பேர் வாங்கியது. ஜிப்சம் நிறைந்த பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் வெளிர் ஏல். 1820-களில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்கு அது கப்பலேறி வந்தது. பில்சன் நகரத்தில் தண்ணீர் மிக மென்மை. 1842-ல் பொன்னிற லாகர் அங்கேதான் பிறந்தது.

"ஆர்.ஓ. தண்ணி வாங்கிக் கலந்துடட்டுமா?" என்றான். கலக்கலாம். ஆனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் ஒன்றுமே இருக்காது. என் வீட்டு மெஷின் தண்ணீரில் காப்பி சப்பென்று இருக்கிறது என்று நானே குழாய்க்குத் திரும்பிவிட்டேன்.

"அம்மா தவலையில செய்வாளே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்படியே செய்தான். அரை மணி கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் குழாய் வைத்து இறக்கினான். கால்சியமும் சேர்ந்து படிந்துபோய்விடும் என்பதால் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்தான். அடுத்த மாதம் தெளிவான தேன் நிறத்தில் ஒரு டம்ளரைத் தூக்கிக் காட்டினான். துவர்ப்பு போய்விட்டதாம்.

நம் தமிழ்நாட்டில் வீட்டில் இதைச் செய்தால் குற்றம். அங்கே சொந்த உபயோகத்துக்கு 1963 முதல் லைசென்ஸ்கூட வேண்டாம். சட்டம் அனுமதித்தாலும் என் மனசு இன்னும் அனுமதிக்கவில்லை. எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டேன். "வாரத்துக்கு ரெண்டு டம்ளர்ப்பா" என்றான். இந்த மாதிரிக் கணக்குகளைச் சின்ன வயதில் நிறையக் கேட்டிருக்கிறேன். பயம் போகவில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கிறேன். முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசுவோம், பிறகு மற்றது.

ஏல் டம்ளர் படத்தை அழித்துவிட்டேன். தண்ணீரை இறக்கிய பிறகு பாத்திரத்தின் அடியை ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தான். அதே வெள்ளை மாவு. கீழே "அம்மா" என்று மட்டும் எழுதியிருந்தான். அது இருக்கிறது.