மாட்டுக்குக் காது, வண்டிக்கு எது?

தாராபுரம் பக்கத்தில் நான்கு கறவை மாடு வைத்திருக்கும் விவசாயி அவர். காலையும் மாலையும் தன் வீட்டுப் பாலோடு அக்கம்பக்கத்துப் பாலையும் சேர்த்து, ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சொசைட்டிக்கு வண்டியில் கொண்டுபோவார். 100 சி.சி. வண்டி. இருபக்கமும் கேன். சித்திரை வெயிலில், மூன்று மணிக்கு வாய்க்கால் மேட்டில் இரண்டாம் கியரில் போய்க்கொண்டிருந்தபோது வண்டி இழுக்கவில்லை. திருகினாலும் வேகம் ஏறவில்லை. கருகின வாடை. 'டக் டக்' என்று உள்ளேயிருந்து சத்தம். அப்படியே நின்றுவிட்டது.

கேனில் 50 லிட்டர் பால். அதில் ஆறு லிட்டர், புருஷனை இழந்து ஒற்றை மாட்டை நம்பிப் பிழைக்கும் பக்கத்து வீட்டு அம்மாவுடையது. சொசைட்டியில் நேரம் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். அந்த வெயிலில் பால் திரியவும் அதிக நேரம் ஆகாது. பதறிப்போய்க் குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து இன்ஜின் மேல் சாய்க்கப்போனார்.

"மாமா, தண்ணி ஊத்தீராதீங்க! இந்தச் சூட்டுல ஊத்துனா விரிசல் உட்டுரும்" என்று எதிரே வந்த பையன் வண்டியை நிறுத்தினான். டிராக்டர் பட்டறையில் வேலை செய்கிறவன்.

"பாலு கெட்டுப்போயிரும் கண்ணு, நேரமாச்சு."

"பாலை நான் கொண்டுபோறனுங்க. நீங்க வண்டியை நெழல்ல நிறுத்திட்டு உக்காருங்க."

பால் தப்பித்தது. திரும்பி வந்த பையன் நடு ஸ்டாண்ட் போட்டு, ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து விட்டுப் பார்த்தான். குச்சியின் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை.

"எப்பங்க மாத்துனீங்க?"

"தீவாளிக்கு."

ஒருநாளைக்கு இரண்டு நடை, 28 கிலோமீட்டர். தீபாவளி முதல் சித்திரை வரை கணக்குப் போட்டால் 5,000 கிலோமீட்டர் வருகிறது. அதுவும் முழுச் சுமையோடு, புழுதியில், மெதுவாக ஓடிய தூரம். இன்னொன்றையும் பையன் காட்டினான். மழைக்காலத்தில் சேறு தெறிக்காமலிருக்க முன்கார்டில் கட்டிய ரப்பர் ஷீட் அப்படியே இருந்தது. இன்ஜினுக்குக் காற்றே போகவில்லை. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளுக்கு நடுவில் சேறும் சாணியும் காய்ந்து அடைத்திருந்தன. அந்தத் தகடுகள் வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும்.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: "மாட்டுக்குக் காச்சல்னா காதைத் தொட்டுப் பாத்துருவேன். இதுக்கு எதைத் தொட்டுப் பாக்கறது?"

நியாயமான கேள்வி. மாட்டுக்குச் சரியான சூடு ஏறக்குறைய 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்று நமக்குத் தெரியும். இந்த வகை வண்டிகளில் சூடு காட்டும் முள் கிடையாது. ஓடும் இன்ஜினில் ஆயிலின் சூடு பொதுவாக 80 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அது நல்ல சூடுதான். அதனால் இன்ஜினைத் தொட்டால் கை சுடுவதோ, நிறுத்திய பிறகு 'டிக் டிக்' என்று சத்தம் வருவதோ நோய் அல்ல. இரும்பு ஆறிச் சுருங்கும் சத்தம் அது. சூடு 130 டிகிரியைத் தாண்டி வெகுநேரம் நின்றால்தான் ஆயில் வேகமாகக் கெட்டு, வழுவழுப்பு குறைந்து, இரும்போடு இரும்பு உரசும். ஆயில் குறைவாக இருந்தால், இருப்பதே திரும்பத் திரும்பச் சூடேறி, அந்த நிலை சீக்கிரம் வந்துவிடும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் அவர் வண்டி காட்டியவைதான்: திருகியும் இழுக்காமை, கருகல் வாடை, உள்ளே தட்டும் சத்தம். சைலன்சரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 'சொசைட்டி வரைக்கும் போயிரலாம்' என்று ஓட்டக்கூடாது. நிழலில் நிறுத்தி, அணைத்து, தானாக ஆறவிட வேண்டும். ஆறிய பிறகு சமதரையில் வைத்து ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். குச்சியின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் போதும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. டிராக்டருக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்ற வேண்டாம். இந்த வண்டிகளில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது, வழுக்கும். கையேட்டில் சொன்ன ரகம், டப்பாவில் 'ஜாஸோ எம்ஏ' என்று போட்டது வாங்கினால் சரி. பாரம் ஏற்றி மெதுவாக ஓட்டுகிறவர்கள், கையேட்டில் சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.

அவர் வண்டிக்கு ஆயில் மட்டும் போதவில்லை. பிஸ்டன் உரசியிருந்தது, இன்ஜினை இறக்க வேண்டியதாயிற்று. மகளின் ஹாஸ்டல் கட்டணத்துக்கு எடுத்துவைத்த பணம் பட்டறைக்குப் போனது. வளர்ந்துவந்த கிடேரி ஒன்றை விற்றுக் கட்டணத்தைக் கட்டினார். "நாலு மாசம் பொறுத்திருந்தா அது சினை புடிச்சிருக்கும்" என்று இன்றும் சொல்கிறார்.

இப்போது வெள்ளிக்கிழமை மாடு கழுவும்போது வண்டியும் கழுவப்படுகிறது. தகடுகளுக்கு நடுவில் குச்சி விட்டுச் சேற்றைத் தட்டிவிடுகிறார். பிறகு ஆயில் குச்சியை எடுத்துத் தோள் துண்டில் துடைத்துப் பார்க்கிறார். துண்டுக் கறை போகவில்லை என்று வீட்டம்மாவுக்கு வருத்தம். அவருக்கு இல்லை.