பேக்குக்கு யார்?

கல்கத்தாவின் மோகன் பகான் ஃபுட்பால் கிளப்பில் பேக் ஆட்டக்காரர் கோஷ்டா பால் சேர்ந்தது 1912-இல். முந்தைய ஆண்டுதான் அந்த அணி, பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கியிருந்தது. அடுத்த ஷீல்டு கிடைத்தது 1947-இல். கல்கத்தா லீக்கை முதன்முதலாக வென்றது 1939-இல். அதற்குள் பால் ஓய்வு பெற்றுவிட்டார். இருபது வருடத்துக்கு மேல் ஆடியவர், 1921 முதல் 1926 வரை கேப்டன், அவருக்கு இந்த இரண்டுமே வாய்க்கவில்லை. 1923-இல் ஷீல்டு ஃபைனல் வரை போய், கல்கத்தா எஃப்.சி.யிடம் 0-3 என்று தோற்றார்கள்.

ஆனாலும் ‘சீனப் பெருஞ்சுவர்’ என்று வங்காளம் கொண்டாடியது அவரைத்தான். 1962-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதைப் பெற்ற முதல் ஃபுட்பால்காரர் அவர். கோல் போட்ட எத்தனையோ பேருக்கு இல்லாத சிலை அவருக்குக் கொல்கத்தாவில் இருக்கிறது. நியாயமான மரியாதை என்பேன்.

அன்றைக்குக் கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டே பேக்; எதிரே ஐந்து ஃபார்வர்டு. கல்கத்தாவில் மழைக்காலம்தான் ஆட்டக்காலம். நனைந்த தோல்பந்து கல்லாகக் கனக்கும், சேற்றில் வெறுங்கால் வழுக்கும். எதிரில் வருகிற பட்டாளத்தார் காலில் பூட்ஸ். அந்தப் பூட்ஸ் வரும் வழியில் வெறும் பாதத்தைக் கொண்டுபோய் வைப்பதுதான் பாலின் வேலை.

எங்கள் வேடசந்தூர்ப் பக்கம் மில் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஆட வருகிற ஒரு பேக்கைப் பார்த்திருக்கிறேன். நெருஞ்சி முளைத்த மைதானம். பந்தோடு வருகிறவன் இடுப்பை ஆட்டி ஏமாற்றுவான், இவர் அசையமாட்டார். கண் பந்திலேயே இருக்கும். ரெண்டு எட்டு பின்வாங்கி, அவன் பந்தைச் சற்றே நீளமாகத் தட்டுகிற நொடியில் கால் நுனியால் தொட்டு வெளியே தள்ளிவிடுவார். யாரும் கைதட்டியதில்லை. எனக்கு அது ஆறவே இல்லை. பேக்கை யாரும் மதிப்பதே இல்லை; டீம் பிரிக்கும்போது வேகமாக ஓடுகிறவனெல்லாம் முன்னால் போய்விடுவான், மிஞ்சினவனிடம்தான் “நீ பேக்ல நில்லுடா” என்பார்கள்.

பி.டி. வாத்தியார்களுக்கும் டீம் நடத்துகிற அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். இருப்பதிலேயே நிதானமான, பயமறியாத பையனை முதலில் பேக்குக்கு எடுங்கள். கேப்டன் பட்டையையும் அவன் கையிலேயே கட்டுங்கள்.